தவளைத் தசையும் கட்டுவிரியன் நஞ்சும்

கியூரேர் ஏறிய உடம்பு துடிப்பதில்லை. கழுத்து தொங்கும், கை கால் தளரும், கடைசியில் மூச்சுத்தசை நிற்கும். இதயம் மட்டும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருக்கும். தென் அமெரிக்கக் காடுகளில் வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவிய இந்தக் கறுப்புப் பசையை ஐரோப்பியர்கள் நெடுநாளாக அறிவார்கள். அது உடம்புக்குள் எந்த இடத்தில் கை வைக்கிறது என்பதுதான் புரியாமல் இருந்தது. பாரிசில் க்ளோத் பெர்னார் 1850-களில் ஒரு தவளையை வைத்து அதற்கு விடை சொன்னார்.

தவளையின் ஒரு பின்னங்காலுக்குப் போகும் ரத்தத்தை நூல் கட்டி நிறுத்தினார். நரம்பை மட்டும் கட்டாமல் விட்டார். பிறகு முதுகுத் தோலுக்கடியில் கியூரேர். தவளை தளர்ந்து கிடந்தது. விஷம் ஏறிய பகுதியின் தோலைக் கிள்ளினால், கட்டுப்போட்ட அந்தக் கால் மட்டும் உதைத்தது. அப்படியானால் தொடுவுணர்வு போகவில்லை, தண்டுவடமும் கெடவில்லை. விஷம் ஏறிய காலின் தசையில் நேராக மின்சாரம் பாய்ச்சினால் அதுவும் சுருங்கியது. நரம்பு உயிரோடு இருக்கிறது, தசையும் உயிரோடு இருக்கிறது, இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் எதுவோ அறுந்திருக்கிறது.

மருந்தியல் வகுப்பின் முதல் நாளில் நான் சொல்லித் தொடங்கியது இந்தத் தவளையைத்தான். மதுரைப் பக்கத்தில் ஒரு பார்மசி கல்லூரியில் ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினேன். பாடப்புத்தகத்தில் பெர்னாருக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தால் அதிகம். ஆனால் ஒரு மருந்து எங்கே ஒட்டுகிறது என்பது ஒரு கேள்வி, ஒட்டிய பிறகு என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றதற்கும் விடையாக வைத்துக்கொள்ளும் பழக்கம் இப்போது ரொம்பவே பரவிவிட்டது. இந்த இரண்டு கேள்விகளும் எப்படிப் பிரிந்தன என்பதில் எனக்கு இருக்கும் அக்கறை அதனால்தான்.

அந்தக் காலத்து அளவைக் கருவியை முதலில் சொல்ல வேண்டும். கைமோகிராஃப் என்று பெயர், நாங்கள் டிரம் என்போம். ஜெர்மனியில் கார்ல் லூட்விக் 1847-ல் ரத்த அழுத்தத்தைப் பதிவுசெய்ய உண்டாக்கியது. சீராகச் சுழலும் ஓர் உருளை, அதைச் சுற்றி வழவழப்பான தாள், தாளின் மேல் புகைக்கரி. தசையோடு கட்டிய லீவரின் நுனி கரியைச் சுரண்டிக்கொண்டே போகும். கறுப்பில் வெள்ளைக் கோடு விழும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் உலகத்தின் மருந்தியல் முழுவதும் இந்தக் கோட்டில்தான் நடந்தது. எங்கள் ஊர்க் கல்லூரிகளில் அதற்குப் பிறகும் வெகுநாள் ஓடியது.

டிரம் கருக்குவது ஒரு கைவேலை. எங்கள் லேபில் அட்டெண்டர் அண்ணன் ஒருவர் இருந்தார். தாளை மடிப்பில்லாமல் சுற்றிப் பசை போட்டு, புகையும் சுடருக்கு மேல் உருளையைச் சுழற்றுவார். சுடர் ஓரிடத்தில் நின்றால் தாள் பழுத்துவிடும். கரி தடித்தால் லீவர் திணறும், மெலிந்தால் கோடு தெரியாது. பரிசோதனை முடிந்ததும் டோஸ் அளவையும் ரோல் நம்பரையும் குண்டூசியால் கரியில் எழுதி, தாளைக் கழற்றி, அரக்கு கரைத்த ஸ்பிரிட்டில் முக்கிக் கொடியில் காயப்போட வேண்டும். அதற்குள் யாராவது சேலைத் தலைப்பால் உரசிவிட்டால் மத்தியானம் முழுக்கச் செய்த வேலை போச்சு. ஆண்டுத் தேர்வு நாட்களில் அந்த அண்ணனுக்கு இருந்த மரியாதை எங்கள் துறைத் தலைவருக்கு இருந்ததில்லை.

லீவரின் மறுமுனையில் தவளையின் வயிற்றுத் தசை, ரெக்டஸ். வயிற்றின் நடுக்கோட்டை ஒட்டி இருபுறமும் ஓடும் பட்டை அது. ஒரு தவளையில் இரண்டு கிடைக்கும். ரிங்கர் கரைசல் ஊற்றிய கண்ணாடிக் குழாயில், அதாவது ஆர்கன் பாத்தில், கீழே ஒரு முனையைக் கட்டி, மேல் முனையை நூலால் லீவரில் மாட்டி, கீழிருந்து காற்று குமிழ விட வேண்டும். அரை நிமிடம் வெறும் கோடு. பிறகு தசையைச் சுருங்கவைக்கும் அசிட்டைல்கோலின் ஒரு டோஸ், ஒன்றரை நிமிடம் தொட்டிருக்க விடுவது. தசை மெல்லச் சுருங்கும், கோடு ஏறும். கழுவி, ஓய்வு கொடுத்து, ஐந்து நிமிடச் சுற்றில் அடுத்த டோஸ். டோஸை இரட்டிக்க இரட்டிக்க உயரம் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் கூடாது. அந்த நின்றுபோகும் உயரத்தில்தான் விஷயம் இருக்கிறது.

கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி 1905-ல் எழுதிய கட்டுரை நிகோட்டினையும் கியூரேரையும் பற்றியது. அவர் எடுத்துக்கொண்டது கோழி. நிகோட்டின் செலுத்தினால் கோழியின் கால்தசை இறுகி நிற்கும், கியூரேர் கொடுத்தால் அந்த இறுக்கம் தளரும். நரம்பை வெட்டி, அதன் நுனி முழுக்க அழிந்துபோகும் வரை காத்திருந்து பார்த்தார். அப்போதும் நிகோட்டின் வேலை செய்தது, கியூரேர் அதைத் தடுத்தது. எனவே இவை நரம்பின் நுனியைத் தொடவில்லை. தசையையும் மொத்தமாகத் தொடவில்லை, ஏனென்றால் கியூரேர் ஏறிய தசை மின்சாரத்துக்குச் சுருங்குகிறது. தசைக்குள்ளேயே மருந்தை வாங்கிக்கொள்ளும் தனிப் பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று லாங்லி முடிவு கட்டினார். ரிசப்டர் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். ஜெர்மனியில் பால் எர்லிக் சாயங்களையும் நச்சுகளையும் வைத்து ஏறத்தாழ அதே நேரத்தில் அதே முடிவுக்குத் தன் வழியில் வந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அறுபத்தைந்து ஆண்டுகள் அந்தப் பொருளை ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை. லாங்லியிடம் படித்த ஹென்றி டேலே அது நிஜமான பொருளா, சொல்வசதிக்கு வைத்த பெயரா என்று தயங்கினார். இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. தெரியாததைத் தெரியாதது என்று வைத்துக்கொண்டே அதன் நடத்தையை மட்டும் அளந்தார்கள். இன்று ரிசப்டரின் படத்தை முப்பரிமாணத்தில் திரையில் சுழற்றிப் பார்க்கிற நமக்கு அந்தப் பொறுமை இல்லை.

அளந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஏ. ஜே. கிளார்க். 1926-ல் அவர் எடுத்துக்கொண்டது எங்கள் மாணவர்கள் கையாண்ட அதே இரண்டு: தவளையின் இதயத் தசையும் ரெக்டஸும். அசிட்டைல்கோலின் செறிவையும் தசை சுருங்கிய அளவையும் வரைபடமாகப் போட்டு, நின்றுபோகும் உயரத்துக்குக் கணக்கு சொன்னார். வாங்கிக்கொள்ளும் இடங்களுக்கு ஓர் எண்ணிக்கை உண்டு. எல்லாம் நிரம்பிவிட்டால் மேலே ஊற்றிப் பயனில்லை. செல் வாங்கிக்கொண்ட மருந்து, அதன் மேற்பரப்பில் மிகச் சிறிய பகுதியை மூட மட்டுமே போதுமான அளவு என்றும் கணக்கிட்டுக் காட்டினார். புகைக்கரித் தாளும் பென்சிலும் மட்டும் வைத்துக்கொண்டு மூலக்கூறுகளை எண்ணிய மனிதர் அவர்.

ஆனால் எத்தனை இடம் நிரம்புகிறதோ அந்த அளவுக்குத் தசை சுருங்கும் என்றும் கிளார்க் எடுத்துக்கொண்டார். ஒட்டியதும் செய்ததும் அங்கே ஒன்றாகிவிட்டன. அது பிரிவதற்கு இன்னும் முப்பது வருடம் ஆனது.

நடுவில் ஓர் அட்டைக் கதை வருகிறது. நரம்பு நுனியிலிருந்து தசைக்குப் போவது மின்சாரமா, ரசாயனமா என்று பெரிய சண்டை நடந்த காலம். ஆட்டோ லோவி கிராஸ் நகரில் தவளை இதயங்களை வைத்து 1921-ல் ரசாயனத்துக்கு வலுவான சான்று கொடுத்தார், ஆனால் அது இதயம். கை காலை அசைக்கும் தசையில் நரம்பு விடும் பொருள் மிகச் சொற்பம், உடனே அழிந்தும் விடும். அதைப் பிடிக்கும் வித்தை பெர்லினில் வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க்கிடம் இருந்தது. நம்மூர்க் குளத்தில் காலைப் பிடிக்குமே, அந்த அட்டையின் சொந்தக்காரனான மருத்துவ அட்டையின் முதுகுத் தசையை எசெரின் கலந்த கரைசலில் தொங்கவிட்டால், அசிட்டைல்கோலின் கோடிக்கணக்கில் ஒரு பங்கு இருந்தாலும் சுருங்கிக் காட்டிக்கொடுக்கும். எசெரின், அசிட்டைல்கோலினை அழிக்கும் நொதியைக் கட்டிப்போடும் பொருள். மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் கொட்டையிலிருந்து வருவது. யூதர் என்பதற்காக 1933-ல் ஃபெல்ட்பெர்க் பெர்லின் வேலையிலிருந்து துரத்தப்பட்டார். லண்டனில் டேலின் ஆய்வகத்துக்கு அவரோடு அட்டை முறையும் வந்து சேர்ந்தது. 1936-ல் டேலும் ஃபெல்ட்பெர்க்கும் மார்த்தா ஃபோக்ட்டும் பூனையின் நாக்குக்குப் போகும் நரம்பைத் தூண்டி, நாக்கிலிருந்து வடிந்த திரவத்தை அட்டைத் தசையில் ஊற்றினார்கள். அட்டை சுருங்கியது. தசையை அசைக்கும் நரம்பும் அசிட்டைல்கோலினைத்தான் விடுகிறது. அந்த ஆண்டே டேலுக்கும் லோவிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஃபெல்ட்பெர்க்குக்கும் அதில் பங்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒட்டுவதையும் செய்வதையும் பிரித்துவைத்தவர் ஆர். பி. ஸ்டீஃபன்சன், எடின்பரோவில், 1956-ல். கினிப்பன்றியின் குடல் துண்டில், வால் நீளம் மட்டும் ஒவ்வொரு கார்பனாகக் கூடிக்கொண்டே போகும் ஒரே குடும்பத்து ரசாயனங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தார். குட்டை வால்கள் குடலை முழு உயரத்துக்குச் சுருக்கின. நீள வால்கள் எவ்வளவு ஊற்றினாலும் பாதி உயரத்தோடு நின்றன. போதாததற்கு அசிட்டைல்கோலினையும் தடுத்தன. நன்றாக ஒட்டுகிறது, அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. அடுத்த ஆண்டே டெல் காஸ்டியோவும் பெர்னார்ட் காட்ஸும் தவளையின் நரம்புத் தசைச் சந்திப்பில் அளந்துவிட்டு, ஒட்டுவது முதல் படி, ஒட்டிய பிறகு ரிசப்டர் திறப்பது இரண்டாம் படி என்று பிரித்து எழுதினார்கள். பூட்டு சாவி என்று சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா, அதில் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இங்கேதான். சாவி உள்ளே போவதோடு மாணவர் மனசில் கதை முடிந்துவிடுகிறது. திருப்பினால் திரும்புமா என்று யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் பிறகும் ரிசப்டர் கையில் சிக்கவில்லை. சிக்கவைத்தது ஒரு பாம்பு. தைவானில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கட்டுவிரியன் இனம் ஒன்று உண்டு. தைபேயின் தேசியப் பல்கலைக்கழகத்தில் பாம்பு நஞ்சு ஆராய்ச்சி டூ சுங்-மிங் காலத்திலிருந்து வேரூன்றிய மரபு. அங்கே சாங்கும் லீ சென்-யுவானும் 1963-ல் அந்த நஞ்சை மாவுப்பசையில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தெடுத்தார்கள். ஆல்ஃபா பங்காரோடாக்சின் என்ற பகுதி தசைப்பக்கத்தில் போய் ஒட்டி கியூரேர் வேலையைச் செய்தது. பீட்டா பகுதி நரம்பின் நுனிக்குள் புகுந்து அதையே கெடுத்தது. கியூரேருக்கும் ஆல்ஃபாவுக்கும் ஒரு வித்தியாசம்: கியூரேரைக் கழுவினால் போய்விடும், ஆல்ஃபா லேசில் விடாது. 1967-ல் லீயின் குழு நச்சுக்குக் கதிரியக்க அயோடின் பூசி எலியின் உதரவிதானத்தில் பார்த்தபோது, நரம்பு வந்து சேரும் கோட்டில் அது குவிந்திருந்தது.

லீயைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பேச்சையே தேசத்துரோகமாக்கிய தைவான் குற்றச் சட்டத்தின் 100-ஆம் பிரிவை எதிர்த்து 1991-ல் தெருவில் இறங்கிய இயக்கத்துக்கு முன்னின்றவர் அவர்தான். அடுத்த ஆண்டு அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

ரிசப்டர் மண்டிக் கிடக்கும் இடம் மின் விலாங்கின் மின்னுறுப்பு. சுருங்கும் வேலையை விட்டுவிட்டு மின்சாரம் உண்டாக்கும் வேலைக்கு மாறிய தசைதான் அது. பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் ழான்-பியர் ஷான்ஜே, கசாய், லீ மூவரும் விலாங்கையும் விரியனையும் சேர்த்துவைத்து 1970-ல் ரிசப்டர் ஒரு புரதம் என்று காட்டினார்கள். லண்டனில் மிலேடியின் குழு மின்திருக்கையில் அடுத்த ஆண்டே அதைச் செய்தது. லாங்லி ஊகித்த பொருள் குழாயில் வந்து நின்றது.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. 1973-ல் பால்டிமோரில் கேண்டேஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் எலி மூளையை அரைத்து, கதிரியக்க நலாக்சோனை ஒட்டவிட்டு, வடிகட்டி எண்ணி, அபினுக்கு ஒரு ரிசப்டர் இருப்பதைக் கண்டார்கள். அரை, ஒட்டவிடு, எண்ணு: ஒரே நாளில் நூறு சோதனைக் குழாய். டிரம்மோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அது சொர்க்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நலாக்சோனைப் பாருங்கள். அபின் ரிசப்டரில் பிரமாதமாக ஒட்டும், வலியை ஒரு துளியும் குறைக்காது. ஹெராயின் மிகையாகிப் போனவரை எழுப்புவதற்கே அது பயன்படுகிறது. எண்ணும் கருவி மார்ஃபினையும் நலாக்சோனையும் ஒரே கண்ணோடுதான் பார்த்தது. உப்பின் சோடியம் சேர்த்தால் இரண்டும் வேறுவேறாக நடந்துகொள்கின்றன என்று கண்டுபிடித்து அவர்களே அதைச் சரிக்கட்டினார்கள்.

அதே 1973-ல் சால்க் நிறுவனத்தில் பாட்ரிக்கும் லிண்ட்ஸ்ட்ரோமும் தாங்கள் சுத்தம் செய்து எடுத்தது நிஜமாகவே ரிசப்டர்தானா என்று உறுதிசெய்ய, விலாங்குப் புரதத்தை முயல்களுக்கு ஊசியாகப் போட்டு எதிர்ப்பொருள் உண்டாக்கப் பார்த்தார்கள். முயல்கள் தளர்ந்து விழுந்தன. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற மனித நோயின் அச்சு அசல். இமை தொங்கி, சாயங்காலமானால் மெல்லக்கூட முடியாமல் போகும் அந்த நோயில் தசையை மின்சாரத்தால் திரும்பத் திரும்பத் தூண்டினால் சுருக்கம் மங்கிக்கொண்டே போவதை பெர்லினில் யோலி 1895-லேயே கண்டிருந்தார். கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற டாக்டர், இது கியூரேர் ஏறியதுபோல இருக்கிறதே என்ற யோசனையில், 1934-ல் எசெரினை ஊசியாகப் போட்டு ஒரு நோயாளியின் இமையைத் தூக்கவைத்தார். காரணம்தான் தெரியாமல் இருந்தது. இப்போது தைவான் விரியனின் நச்சைக் கொண்டே நோயாளியின் தசையில் ரிசப்டரை எண்ணினார்கள்: ஆரோக்கியமான தசையில் இருப்பதில் 11 முதல் 30 சதவீதம்தான் மிச்சம். உடம்பே தன் ரிசப்டரைத் தாக்குகிறது. 1976-ல் லிண்ட்ஸ்ட்ரோம் அந்த எதிர்ப்பொருளை ரத்தத்தில் அளக்கும் சோதனையைச் செய்து காட்டியபோது நோயாளிகளில் 87 சதவீதம் பேருக்கு அது தென்பட்டது.

மிச்சம் 13 சதவீதத்தினருக்கு? அவர்களும் நோயாளிகள்தான். எதிர்ப்பொருள் ரிசப்டரில் ஒட்டுவதை அளக்கும் அந்தச் சோதனை அவர்களைக் கைவிட்டுவிடும். அதனால்தான் இன்றும் நரம்பியல் டாக்டர் ரத்தப் பரிசோதனையோடு நிறுத்தாமல் நரம்புத் தூண்டல் பரிசோதனைக்கும் எழுதுகிறார். நொடிக்கு இரண்டு மூன்று முறை நரம்பைத் தட்டி, நான்காவது ஐந்தாவது அலை முதல் அலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் தாழ்கிறதா என்று பார்ப்பது. யோலி பார்த்ததேதான், கருவி மட்டும் நுட்பமானது.

எங்கள் லேபில் தவளை போய்விட்டது. 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு வகுப்பறை விலங்குப் பரிசோதனைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் மென்பொருளில் இப்போது மாணவர்கள் மவுசைத் தட்டி டோஸ் கொடுக்கிறார்கள். தவளைகளுக்காக நான் சந்தோஷப்படுகிறேன். பிள்ளைகளின் கையால் மூளையில் ஊசி குத்தவைத்த நாட்கள் எனக்கு ஒருபோதும் உவப்பாக இருந்ததில்லை. என் வருத்தம் வேறு. திரையில் வரும் தசை ஒருபோதும் அடம்பிடிப்பதில்லை.

புறத்தேர்வாளராகப் போகும் இடங்களில் எம்.ஃபார்ம் ஆய்வேடுகளைப் பார்க்கிறேன். ஏதோ ஒரு மூலிகையின் நாற்பது வேதிப்பொருள்களைக் கணினியில் ஒரு புரதத்தோடு பொருத்தி, டாக்கிங் ஸ்கோர் மைனஸ் ஒன்பது வந்தது, எனவே இது அந்த நோய்க்கு மருந்து என்று முடித்திருப்பார்கள். "ஒட்டுதுன்னு கணக்கு சொல்லுது, சரிம்மா. அது ரிசப்டரைத் திறக்குமா, அடைக்குமா?" என்று கேட்பேன். "ஸ்கோர் நல்லா இருக்கு மேடம்" என்பார்கள். கியூரேரும் அசிட்டைல்கோலினும் ஒரே இடத்தில்தான் ஒட்டுகின்றன. ஒன்று அசைக்கிறது, மற்றது மூச்சை நிறுத்துகிறது. ஒட்டியதை மட்டும் சொல்லும் எந்த எண்ணாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

சாங்கும் லீயும் பிரித்த ஆல்ஃபாவும் பீட்டாவும் எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் மழைக்காலத்தில் தினசரி விவகாரம். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை நம்மூர்க் கட்டுவிரியன் நள்ளிரவில் கடிக்கும். பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்கல். நல்லபாம்பு கடித்தாலும் இமை தொங்கும். நல்லபாம்பின் நரம்பு நச்சு ஆல்ஃபா வகை, ரிசப்டரின் மேல் உட்காருவது. அட்ரோபினோடு நியோஸ்டிக்மின் போட்டு அசிட்டைல்கோலின் அழியாமல் தேக்கினால் பலருக்குத் தளர்ச்சி விலகும். கட்டுவிரியனில் பீட்டா வகை நரம்பு நுனியையே சிதைத்துவிட்டிருக்கும். தேக்கிவைக்க அங்கே அசிட்டைல்கோலினே இராது. நுனி புதிதாக முளைக்கும்வரை வென்டிலேட்டர்தான். கடித்தது எந்தப் பாம்பு என்று பல நேரம் யாருக்கும் தெரியாது. எனவே விஷமுறிவு மருந்தோடு அந்த ஊசியையும் ஒருமுறை போட்டுவிட்டு, மேல் இமை கருவிழியை எத்தனை மில்லிமீட்டர் விட்டு விலகுகிறது என்று டூட்டி டாக்டர் ஒரு மணி நேரம் ஸ்கேல் வைத்து அளக்கிறார். விலகினால் ஊசி தொடரும், விலகாவிட்டால் நிறுத்திவிடுவார்.